காப்பகக் கதவுக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

வளர்த்த நாயையும் பூனையையும் காப்பகத்தில் விடுவது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கால்நடை மருத்துவர்களும் காப்பகப் பணியில் இருப்பவர்களும் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது. கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்புகிறோம். காப்பகத்தில் விட்டால் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்தானே? உள்ளே என்னதான் நடக்கும்?
– வாசகி, மடிப்பாக்கம்

எடுத்துக்கொள்வார்களா என்பதே முதல் கேள்வி. நம் ஊர்க் காப்பகங்கள் பெரும்பாலும் அடிபட்ட தெருநாய்க்கும், நோயில் கிடக்கும் மாட்டுக்கும், தாயை இழந்த குட்டிகளுக்கும் என்று உருவானவை. உரிமையாளரே கையில் பிடித்துக்கொண்டு வரும் ஆரோக்கியமான வீட்டு நாய்க்கு அங்கே கடைசி இடம்தான். 'இடமில்லை' என்று சொன்னால் அது தட்டிக்கழிக்கிற பேச்சு என்று கோபப்படாதீர்கள். பெரும்பாலும் நிஜமாகவே இடம் இருக்காது.

எடுத்துக்கொண்டால், வாசலிலேயே ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நொடியோடு நாயின் மேல் உங்கள் உரிமை முடிந்தது. யாருக்குக் கொடுப்பது, எந்தச் சிகிச்சை செய்வது எல்லாம் இனி அவர்கள் முடிவு. பிறகு எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று தோள்பட்டைகளுக்கு நடுவே கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அதில் தெரியும் 15 இலக்க எண் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கும். அதை மாற்றாமல் விமானம் ஏறிவிட்டால், நாளைக்கு நாய் தொலைந்து எங்காவது கிடைத்தாலும் அழைப்பு உங்கள் பழைய எண்ணுக்குத்தான் வரும்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. காய்ச்சல் உண்டா (நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு), ஈறு வெளிறியிருக்கிறதா, காது நாறுகிறதா, விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, தடுப்பூசி போட்டு, 10 முதல் 14 நாள் தனிக்கூண்டில் வைப்பதுதான் முறை. புதிதாக வந்த நாய் நோயைக் கொண்டுவந்திருந்தால் அதற்குள் தெரியவேண்டும் என்பதற்காக. பார்வோ (வாந்தியும் ரத்தப்பேதியும் வரும் வைரஸ் நோய்) தொற்றினால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் நான்கு வாரம் வரைகூட ஒளிந்திருக்கும். அதனால்தான் இரண்டு வாரம் தனியாக வைத்தும் சில சமயம் தப்பிவிடுகிறது.

உங்கள் நாய்க்கு ஆபத்து பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்துதான் வரும். அது சுத்தமான வீட்டிலிருந்து வருகிறது. காப்பகமோ ஊரிலுள்ள அத்தனை நோயும் கூடும் இடம். பார்வோ கிருமி மண்ணிலும் சிமெண்ட் வெடிப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயில் ஊற்றித் தேய்த்தால் வாசனை வருமே தவிர அது சாகாது. ப்ளீச் கரைசல் வேண்டும், அதுவும் சாணி, மூத்திரம், எச்சில் எல்லாவற்றையும் முதலில் கழுவி எடுத்த பிறகு. ஆள் பற்றாக்குறை உள்ள காப்பகத்தில் இந்த வரிசை தவறிப்போகிறது. பத்து கூண்டுக்கு ஒரே துடைப்பம், ஒரே ஜோடி ரப்பர் செருப்பு என்றிருந்தால் தனிக்கூண்டு என்பது பெயரளவில்தான். சேர்க்கும் அன்று போடுகிற தடுப்பூசி வேலை செய்யவே சில நாள் ஆகும். ஆண்டு ஊசி தவறியிருந்தால் காப்பகத்துக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

முதல் மூன்று நாள் எந்த நாய்க்கும் மோசமானது. சுற்றிலும் ஓயாத குரைப்பு, தெரியாத வாடை, தெரியாத கை. பல வீட்டு நாய்கள் சாப்பிடாது. இன்னும் சில, வீட்டில் பழகிய ஒழுக்கத்தால், கூண்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கும். வீட்டில் பாக்கெட் உணவு தின்ற நாய்க்கு அங்கே பெரிய அண்டாவில் வெந்த சோறும் கோழிக்கழிவும் கிடைக்கும். சாப்பாடு ஒரே நாளில் மாறியதில் பேதியாகும். அது சாப்பாட்டால் வந்த பேதியா, பார்வோவின் தொடக்கமா என்று மருத்துவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். 30 கிலோ லாப்ரடார் வெறும் சிமெண்ட் தரையில் படுத்தால் சில வாரத்தில் முழங்கையில் தோல் தடித்து நீர் கோக்கும். தனிமையில் பாதத்தை நக்கிநக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் தாண்டினால் கருத்தடை. பிறகு மற்ற நாய்களோடு, குழந்தைகளோடு எப்படி என்று பார்த்துவிட்டுத் தத்துக்குக் காட்டுவார்கள். இங்கே உங்கள் நாய்க்கு அதிர்ஷ்டம் உண்டு. நான்கு வயது லாப்ரடாரைக் கேட்டு ஆள் வருவார்கள். அதே வயது நாட்டு நாய்க்கு வரமாட்டார்கள். எட்டு வயது தாண்டிய எதற்கும் அநேகமாக யாரும் வரமாட்டார்கள். 'கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள்' என்பது நடக்கவும் செய்யும். அதன் பொருள், மீதி ஆயுள் முழுக்க அந்தக் கூண்டில்தான் என்பதே.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வழியை யோசித்துப் பார்த்தீர்களா? நாயை ஜெர்மனிக்குக் கொண்டுபோகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மைக்ரோசிப் வேண்டும், அதன் பிறகு போட்ட வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 அலகாவது இருப்பதாகச் சான்று வாங்கவேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். ஆக நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். நீங்கள் முன்னால் போய், நாயை அந்த நான்கு மாதம் மாத்திரம் உறவினர் வீட்டில் வைத்துப் பிறகு அழைத்துக்கொள்ளலாம். செலவு அதிகம்தான். முடியாது என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், விசாரிக்காமல் சொல்லாதீர்கள்.

கேட்பதற்கே கஷ்டமாக இருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்களா? அமெரிக்க வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.
– வாசகர், திருச்சி

அங்கே வழக்கம் வேறு. அமெரிக்காவில் நகராட்சியோ கவுண்டியோ (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நடத்தும் காப்பகங்களில் பல, கதவுக்கு வந்த எதையும் மறுக்கக் கூடாது என்ற விதியில் இயங்குகின்றன. இடம் நிரம்பினால் ஏதாவது வெளியேற வேண்டும். தெருவில் பிடித்த நாயை உரிமையாளர் தேடி வருவார் என்று சில நாள் கட்டாயம் வைத்திருப்பார்கள். உரிமையாளரே கொண்டுவந்து ஒப்படைத்த நாய்க்குப் பல மாநிலங்களில் அந்தக் கெடுவும் இல்லை. யாரும் தேடி வரப்போவதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடுகிறதே. 'கொல்லாக் காப்பகம்' என்று அங்கே சொல்லிக்கொள்பவர்கள்கூட, வந்தவற்றில் 90 சதவீதத்தைக் காப்பாற்றினால் போதும் என்ற அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இடமில்லை என்பதற்காகக் கொல்வது வழக்கமில்லை. தெருநாய்களுக்கான 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், தீராத நோயில் கிடப்பதையும் பிழைக்கவே முடியாத காயம் பட்டதையும் மட்டும், தகுதியுள்ள மருத்துவர் கையால், வலியில்லாத முறையில் முடித்துவைக்க இடம் தருகின்றன. நல்ல காப்பகங்கள் வீட்டு விலங்குக்கும் இதே எல்லையைத்தான் வைத்திருக்கின்றன. வெறிநோய் கண்ட நாயைத் தனியே அடைத்து அது தானாகச் சாகும்வரை பார்ப்பார்கள். அந்த நோய் வந்தால் நாய் பொதுவாகப் பத்து நாளைத் தாண்டாது.

ஆனால் கொல்லாததாலேயே எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே போவது குறைவு, உள்ளே வருவது அதிகம் என்றால் நான்கு நாய் இருக்கவேண்டிய கூண்டில் பன்னிரண்டு நாய் சேரும். வலுவானது தின்னும், பயந்தது மூலையில் காயும். ராத்திரி காவலாள் தூங்கும்போது சண்டை நடந்து காலையில் ஒன்று செத்துக் கிடக்கும். அந்தச் சாவுக்குப் பெயர் கருணைக்கொலை இல்லை, ஆனால் அதில் கருணையும் இல்லை. அதனால் 'இடமில்லை' என்று உங்களிடம் சொல்லத் தைரியமுள்ள காப்பகத்தை மதியுங்கள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும் இடத்தில், உள்ளே போய்க் கூண்டுகளைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். 'பார்வையாளருக்கு அனுமதி இல்லை' என்றால் நாயோடு திரும்பிவிடுங்கள்.

எங்கள் நாய் கடிக்கிறது. அதைச் சொன்னால் காப்பகத்தில் எடுக்கமாட்டார்கள் என்கிறார் நண்பர். மறைத்துவிடலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. நீங்கள் மறைப்பது, நாளைக்கு அந்தக் கூண்டில் சாப்பாடு வைக்கக் கை நீட்டும் பெண்ணின் விரல். அல்லது தத்தெடுத்த வீட்டுக் குழந்தையின் முகம்.

கடி என்றால் என்ன கடி என்று எழுதிக்கொடுங்கள். யாரை, எப்போது, எந்த இடத்தில், அதற்கு முன் அது என்ன செய்துகொண்டிருந்தது, பல் எவ்வளவு ஆழம் இறங்கியது. சாப்பாட்டுத் தட்டருகே போனால் மட்டும் கடிக்கிற நாயும், ரோட்டில் போகிறவரைத் துரத்திக் கடிக்கிற நாயும் ஒன்றல்ல. முதல் வகையைக் குழந்தையில்லாத வீட்டில், தனி அறையில் சோறு வைத்துச் சமாளித்துவிடலாம்.

அதற்கும் முன்னால், திடீரென்று கடிக்க ஆரம்பித்த நாயை மருத்துவரிடம் காட்டியாகவேண்டும். காதுக்குள் சீழ், உடைந்த பல், இடுப்பு மூட்டுத் தேய்வு எதுவாக இருந்தாலும், தொட்டால் வலிக்கும் இடத்தைத் தொட்டவரை அது கடிக்கும். சென்னையிலுள்ளவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைந்த செலவில் பரிசோதனை நடக்கும். விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கத் தயாராக இருங்கள். வீட்டில் இருக்கும்வரை கூடை வடிவ வாய்மூடி பழக்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி மூடி நம் வெயிலுக்கு ஆகாது. நாய் வாயைத் திறந்து மூச்சுவாங்கித்தான் உடம்பைக் குளிர்த்திக்கொள்கிறது.

கடி நடந்திருந்தால் அடுத்த 10 நாள் நாயை எங்கேயும் அனுப்பவேண்டாம். அந்தப் பத்து நாள் அது ஆரோக்கியமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று பொருள். அதற்காகக் கடிபட்டவர் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். தோலில் போடும் முறையென்றால் 0, 3, 7, 28-ஆம் நாள்களில் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்புமருந்தும் போடவேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பவேண்டாம்.

மகள் மாசமாக இருக்கிறாள், பிரசவத்துக்கு இங்கே வரப்போகிறாள். பூனை இருக்கும் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். பூனையைக் காப்பகத்தில் விடுவதுதான் வழியா?
– வாசகி, கும்பகோணம்

இல்லை. அவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. பயம் பொய்யல்ல, அளவுதான் மிகை. பூனை அந்தக் கிருமியைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான், அதுவும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றாது. முதிர்ச்சியடைய ஒரு நாளாவது ஆகும். ஆகவே மணல்தட்டைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. அந்த வேலையை மகள் செய்யவேண்டாம், நீங்கள் செய்யுங்கள். பூனைக்குப் பச்சை மீன்குடலும் பச்சைக் கறியும் போடாமல் வேகவைத்துப் போடுங்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். மகளுக்குச் சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, வெறுங்கையோடு தோட்டமண் கிளறுவது ஆகியவைதான் பூனையைத் தடவுவதைவிடப் பெரிய ஆபத்து. ஆட்டுக்கறி அரைவேக்காட்டில் தின்கிற வீட்டில் பூனையை மட்டும் விரட்டிப் பயனில்லை. மகப்பேறு மருத்துவரிடம் கேட்டால் மகளுக்கு முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்வார். அந்தக் காகிதத்தைச் சம்பந்தியிடம் காட்டுங்கள்.

பூனை காப்பகத்தில் நாயைவிட அதிகம் நொறுங்கும். நாய் மனிதரைத் தேடும்; பூனை இடத்தைத் தேடும். கம்பிக்கூண்டில் ஒளிய இடமில்லாமல் மணல்தட்டிலேயே சுருண்டு கிடக்கும். குட்டியில் சளிக்காய்ச்சல் வந்து தேறிய பூனையின் உடம்பில் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். இடம் மாறிய அதிர்ச்சியில் ஒரு வாரம், பத்து நாளில் தும்மலும் கண்ணில் பீளையுமாகத் திரும்ப வரும். மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பேறி மஞ்சள்காமாலை வரலாம். வேறு வழியில்லாமல் விட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், பூனை நுழைந்து படுக்கும் அளவு ஓர் அட்டைப்பெட்டியையும் அது படுத்த துணியையும் துவைக்காமல் கூடவே கொடுங்கள். கூண்டுக்குள் அந்தப் பெட்டி ஒன்று இருந்தாலே பல பூனைகள் மறுநாள் சாப்பிட ஆரம்பித்துவிடும்.

காப்பக வாசலில் ராத்திரி கட்டிவிட்டு வந்தால் காலையில் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்?
– பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

எடுத்துக்கொள்வார்கள். எந்த ஊசி போட்டது, என்ன வயது, எதற்குப் பயப்படும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, எதுவும் தெரியாத நாயாக எடுத்துக்கொள்வார்கள். வலிப்புக்குத் தினமும் மாத்திரை தின்றுகொண்டிருந்த நாயாக இருந்தால், திடீரென்று மாத்திரை நின்றதில் இரண்டே நாளில் விடாத வலிப்பு வந்து செத்துப்போகலாம். விடிவதற்குள் தெருநாய்க் கூட்டம் வந்தால், கட்டிப்போட்ட நாய் ஓடவும் முடியாது.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவின்படி, பசி தாகத்தில் தவிக்கும்படி சொந்த விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் எழுதிய தொகை இன்னும் மாறவில்லை. சட்டத்துக்குப் பயந்து யாரும் நிற்கமாட்டார்கள் என்பது இதை எழுதும் எங்களுக்கும் தெரியும்.

மீன்மார்க்கெட்டில் பூனையை விட்டால் பிழைத்துக்கொள்ளும், கோயில் வாசலில் நாயை விட்டால் யாராவது சோறு போடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில். அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வாழும் கூட்டம் இருக்கிறது. வீட்டுப் பூனை முதல் நாளே அடிவாங்கி ஏதாவது கடைக்கூரைமேல் ஏறிப் பட்டினி கிடக்கும்.

எங்கள் அடுக்ககச் சங்கம் இனி நாயே வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பியாகவேண்டுமா?
– வாசகர், கோவை

வேண்டாம். இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை ஓட்டெடுத்துக்கூட சங்கம் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது. குரைக்கிறது, பெரிய நாய் என்ற காரணமும் செல்லாது. அதை அச்செடுத்து ஒரு கடிதத்தோடு செயலாளருக்குக் கொடுங்கள். கூடவே நாய்க்கு ஊசி போட்ட சான்று, உள்ளாட்சி உரிமம் இரண்டின் நகலும் வையுங்கள். மாடிப்படியில் போனதை அள்ளாத பழக்கம் இருந்தால் அதை நாளைக்கே நிறுத்துங்கள், பாதிச் சண்டை அதனால்தான். வாடகை வீடு என்றால் நிலை வேறு. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

காப்பகம் வேண்டாம், நாங்களே நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறோம். எப்படிச் செய்வது?
– வாசகர், புதுச்சேரி

இதைத்தான் எல்லோருக்கும் சொல்லவேண்டும். குறைந்தது இரண்டு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாற்றும் லாரி வாசலில் நிற்கும்போது தேட ஆரம்பித்தால் கிடைப்பது காப்பகம்தான்.

முதல் வேலை கருத்தடை. ஜாதி நாயை, குறிப்பாகப் பெட்டை நாயை, 'இலவசம்' என்று போட்ட அடுத்த மணிநேரம் போன் அடிக்கும். அதில் சிலர் குட்டி வியாபாரிகள். வருஷத்துக்கு இரண்டு ஈற்று எடுத்து, தேய்ந்த பிறகு அவர்களே தெருவில் விடுவார்கள். கருத்தடை செய்த நாய் என்று முதல் வரியிலேயே எழுதினால் இந்தக் கூட்டம் தானாகக் கழன்றுவிடும். அறுவைக்குப் பிறகு தையல் பிரிக்கப் பத்து நாள், முழுசாகத் தேற இரண்டு வாரம் ஆகும். அதை அதன் சொந்தப் படுக்கையில் தேற விடுங்கள்.

அறிவிப்பில் உண்மையை எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்தில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று. வயது, எடை, ஊசி விவரம், பூனையோடு எப்படி, தனியே எவ்வளவு நேரம் இருக்கும், பட்டாசுக்கு என்ன செய்யும். 30 கிலோ நாய் என்றால் மாதம் சுமார் 10 கிலோ தீவனம் என்று கணக்கையும் போட்டுவிடுங்கள். 'ரொம்ப சாது, யாரும் நம்பி எடுக்கலாம்' என்ற வரியால் ஒரு பயனும் இல்லை.

கேட்டு வருபவர் வீட்டுக்கு நீங்கள் போய்ப் பார்க்கவேண்டும். நாயைக் காட்ட அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைப்பது பாதிவேலைதான். கேட் அடியில் எவ்வளவு இடைவெளி, மொட்டைமாடிச் சுவர் உயரம் என்ன, நாய் எங்கே படுக்கும், பகலில் வீட்டில் யார் என்று பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் சம்மதமா என்று நேரே கேளுங்கள். பையன் ஆசைப்பட்டு வாங்கி, அப்பா இரண்டாவது வாரம் திருப்பி அனுப்பிய கதைகள் எண்ணற்றவை. முன்பு நாய் வளர்த்தார்களா, அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். 'ஓடிப்போச்சு', 'யாருக்கோ கொடுத்துட்டோம்' என்ற பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கொடுக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பவேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். ஊசிப் புத்தகம், மைக்ரோசிப் எண், உள்ளாட்சி உரிமம் மூன்றையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். பத்து நாளைக்கான பழைய சாப்பாட்டைக் கொடுத்து, முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றச் சொல்லுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் முதல் மூன்று நாளில். பால்காரர் கேட்டைத் திறப்பார், நாய் பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும். புது ஊரில் வழி தெரியாமல் நெடுஞ்சாலையில் அடிபடும். முதல் இரண்டு வாரம் கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு என்று நடத்தச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையில் புதியவரின் போன் எண் இருக்கட்டும், உங்கள் எண் வேண்டாம். நீங்களும் முதல் மாதம் போய்ப் பார்க்காதீர்கள். போனில் படம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாய் அங்கே ஒட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் நீங்கள் போய் நின்றால் எல்லாம் முதலிலிருந்து.

மூன்று வாரம் முன்பு எங்கள் பொமரேனியனை ஒப்படைத்தோம். மனசு கேட்கவில்லை. திருப்பிக் கேட்கலாமா?
– வாசகி, வேலூர்

இன்றைக்கே போய்க் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதால் உரிமை இல்லை, ஆனால் இன்னும் அங்கேயே இருந்தால் பல காப்பகங்கள் தத்து நடைமுறையின்படி உங்களுக்கே கொடுப்பார்கள். ஒப்படைத்த காரணம் தீர்ந்ததா என்று கேட்பார்கள், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். வேறு வீட்டுக்குப் போய்விட்டதென்றால் முகவரி தரமாட்டார்கள், தராததுதான் சரி. திரும்பக் கிடைத்தால் வீட்டிலுள்ள மற்ற நாயோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள், ஏன் என்பது முதல் பதிலில் இருக்கிறது.

எங்கள் தெரு நாய்கள் எட்டையும் பிடித்துக் காப்பகத்தில் சேர்க்க யாரிடம் சொல்லவேண்டும்?
– வாசகர், தாம்பரம்

மாநகராட்சியிடம் சொன்னால் பிடித்துப்போய்க் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் செய்து, காதில் சிறு வெட்டு அடையாளம் வைத்து, அதே தெருவில் கொண்டுவந்து விடுவார்கள். 2023 விதிகள் அதைத்தான் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொல்லியிருக்கிறது. எட்டையும் ஒரேயடியாக அப்புறப்படுத்தினால் அடுத்த தெருவிலிருந்து கருத்தடையாகாத வேறு எட்டு வரும், குப்பைத்தொட்டி அங்கேயே இருக்கும்வரை.

அம்மா வளர்த்த பச்சைக்கிளி. அம்மா இறந்துவிட்டார். பறக்கவிட்டால் புண்ணியம் என்கிறார்கள், காப்பகம் என்கிறார்கள் சிலர். வீட்டில் ஓர் ஆமையும் உண்டு.
– வாசகர், தஞ்சாவூர்

சிவப்பு மூக்குப் பச்சைக்கிளி வனவிலங்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் சிறைவரை போகக்கூடிய குற்றம். நாய் பூனைக் காப்பகம் அதை வாங்கக் கூடாது. மாவட்ட வன அலுவலகத்துக்குப் போன் செய்து, இறந்த தாயார் வளர்த்தது, ஒப்படைக்க விரும்புகிறோம் என்று சொல்லுங்கள். நீங்களாக முன்வந்து கொடுப்பதை யாரும் பெரிதாக நோண்டுவதில்லை.

பறக்கவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளியால் மரக்கிளைக்குக்கூட ஏற முடியாது. அடுத்த சிறகு முளைக்க மாதங்கள் ஆகும். முழுச் சிறகு இருந்தாலும் வருடக்கணக்கில் கூண்டில் கிடந்த பறவையின் நெஞ்சுத் தசை வற்றியிருக்கும். மனிதரைக் கண்டால் தோளில் வந்து உட்காரும், காக்கைகளைக் கண்டால் என்ன செய்வது என்று தெரியாது. வனத்துறையின் மறுவாழ்வு மையத்தில் பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி, மற்ற கிளிகளோடு சேர்த்துப் பிறகுதான் விடுவார்கள். தேறாதவை அங்கேயே தங்கும். ஒப்படைக்கும்வரை சூரியகாந்தி விதையை மட்டும் போடாமல் கொய்யா, பச்சைமிளகாய், கேரட், கீரை கொடுங்கள்.

ஆமையைப் படம் எடுத்து அதே அலுவலகத்தில் காட்டுங்கள். ஓட்டின்மேல் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நட்சத்திர ஆமை, சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ளவற்றின் பட்டியலில், உள்ளது. அதைக் கோயில் குளத்தில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும், அது நிலத்தில் வாழ்வது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால், மீன்தொட்டிக் கடையில் காசு அளவில் விற்கும் அமெரிக்க ஆமை. அது சாப்பாட்டுத் தட்டளவு வளரும், இருபது முப்பது வருஷம் இருக்கும், குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு இன்னும் பெரிய தொட்டி வாங்குவதோ, வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுப்பதோதான் வழி.